தாய் தரும் முதற்சொத்து

குழந்தை பிறந்தவுடன் அதன் நாவில் சர்க்கரை நீரோ தேனோ தொட்டுச் 'சேனை' வைக்கும் வழக்கம் பேராக் மாநிலத் தோட்டங்களில் நம் குடும்பங்கள் பலவற்றில் இருந்து வந்ததாகும். மஞ்சள் நிறச் சீம்பாலைக் 'கெட்ட பால்' எனப் பீய்ச்சி எறிந்தோரும் உண்டு. இவ்விரண்டும் ஏன் தவிர்க்கத்தக்கவை என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கிருமி என்றாலே நோய் என்று எண்ணுகிறோம். அது முழு உண்மையன்று. நம் குடலில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. குழந்தை பிறக்கும்போது தாயின் உடலிலிருந்தும், பின்னர் அவள் தோலிலிருந்தும் பாலிலிருந்தும் அவை குழந்தையை அடைகின்றன. தாய்ப்பால் உண்ணும் குழந்தைகளின் மலத்தில் அத்தகைய நுண்ணுயிர் ஒன்றைப் பாரிஸ் நகரில் ஹென்றி திசியே என்னும் மருத்துவர் 1899ஆம் ஆண்டில் கண்டறிந்தார். இன்று அது பிஃபிடோபாக்டீரியா எனப்படுகிறது.

தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க இயலாத ஒருவகைச் சர்க்கரை உண்டு. அது இந்நுண்ணுயிர்களுக்கான உணவாகும். அதனை உண்டு அவை அமிலத்தை உண்டாக்குகின்றன. மங்கில் எடுக்காது விட்ட மரப்பால் புளித்து இறுகுவதைப் பால்வெட்டுவோர் அறிவர். அதுவும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலத்தின் வேலையே. மரப்பாலைக் கெடுக்கும் அமிலம் குழந்தையின் குடலில் காவலாகிறது. வயிற்றுப்போக்கு தரும் கிருமிகள் பெருகாது தடுக்கிறது.

1939இல் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் சிங்கப்பூரில் உரையாற்றி, இனிப்புக் கெட்டிப்பாலைக் குழந்தை உணவாக விற்றதைக் கடுமையாகக் கண்டித்தார். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் ஒடிசா மாநிலக் கிராமங்களில் 4,500க்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடத்தப்பட்டதாகும். தாய்ப்பாலுடன் நல்ல நுண்ணுயிரையும் அதற்குரிய சர்க்கரையையும் ஒரு வாரம் பெற்ற குழந்தைகளிடையே, இரத்தத்தில் கிருமி பரவும் நோயும் இறப்பும் நூற்றுக்கு 9 என்பதிலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. எனினும் மருத்துவர் சொல்லாமல் அத்தகைய மருந்தை நாமாகக் கொடுத்தலாகாது.

நினைவில் கொள்க:

1. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பால் கொடுத்தல் வேண்டும். சீம்பாலில் ஒரு துளியும் வீணாகலாகாது.

2. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டா. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் தசைகளைத் தளரச் செய்து உயிருக்கே தீங்கிழைக்கும். ஆதலின் ஓராண்டு நிறையும் வரை தேன் ஆகாது.

3. அறுவைச் சிகிச்சையால் பிறந்த குழந்தைக்குத் தாயின் குடல் நுண்ணுயிர்கள் தொடக்கத்தில் குறைவாகவே கிட்டுகின்றன. அதற்குத் தாய்ப்பால் இன்னும் இன்றியமையாதது.

4. 2023 ஜனவரி 1 முதல் மகப்பேற்று விடுமுறை 98 நாள்கள். அதன்பின் விடியலில் வேலைக்குச் செல்லும் தாய், பாலைத் தூய கலத்தில் பீய்ச்சி வைத்துச் செல்லலாம். அதன் முறையை அரசாங்கச் சுகாதார நிலையத் தாதியர் கற்பிப்பர்.

பணம் கொடுத்து வாங்க இயலாத இச்சொத்தை நம் குழந்தைகளுக்குத் தவறாது வழங்குவோமாக.