சுற்றுச்சூழல் பணிகளுக்கு நிதி: எங்கே இருக்கிறது, நமக்கு எப்படி வரும்?

 

"பருவநிலை மாற்றத்துக்காக உலக நாடுகள் கோடிக்கணக்கில் பணம் ஒதுக்குகின்றனவாமே, சோலார் போடவும் மழைநீர் சேமிக்கவும் அதில் நமக்கு ஏதும் கிடைக்காதா?" என்று ஜமாஅத்தார் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நின்றோம். இரண்டுக்கும் இடையே நான்கு ஆண்டுகூட இல்லை. ஆகவே இது நம் வீட்டு விஷயம். நிதி எந்தெந்த வழியில் வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. அரசுகளுக்கு வரும் பெரிய நிதி

நந்தனத்தில் 2018 மே மாதம் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையம் நாம் தினமும் பார்ப்பது. அந்த முதல் கட்டத் திட்டத்துக்குப் பெரும் பங்கு கடன் தந்தது ஜப்பானின் ஜைக்கா நிறுவனம். 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் திறக்கப்பட்ட இரண்டாவது கடல்நீர்க் குடிநீர் ஆலை, தினம் 15 கோடி லிட்டர் தரக்கூடியது. அதற்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கி நிதி உதவியது. அடையாறு, கூவம் வடிநிலப் பகுதிகளின் மழைநீர் வடிகால் பணிக்கு உலக வங்கி உதவியது.

இவை அரசோடு அரசு செய்யும் ஒப்பந்தங்கள். பெரும்பாலும் கடன், அரசு திருப்பிக் கட்ட வேண்டும். தெரு அளவில் இயங்கும் ஓர் அறக்கட்டளை இதற்கு மனுப் போட முடியாது. இஸ்லாமிய வளர்ச்சி வங்கியைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் இந்தியா உறுப்பு நாடு அல்ல. எனவே உறுப்பு நாடுகளுக்கான அதன் திட்டக் கடன்கள் இங்கே வருவதில்லை.

2. தொண்டு அமைப்புகள் வழியாக வரும் நிதி

2010இல் உருவான பசுமைப் பருவநிலை நிதியம், அதற்கு முந்தைய தகவமைப்பு நிதியம் ஆகிய இரண்டும் இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் மூலமே பணம் தருகின்றன. அவற்றுள் முக்கியமானது நபார்டு வங்கி. தமிழ்நாடு, ராஜஸ்தான் நீர்ப்பிடிப்புப் பகுதிகளைப் பருவநிலை மாற்றத்துக்கு ஏற்றபடி பலப்படுத்தும் திட்டம் இந்த வழியில்தான் வந்தது.

நம்மைப் போன்ற அமைப்புகளுக்குச் சற்று அருகில் இருப்பது உலகச் சுற்றுச்சூழல் வசதி அமைப்பின் சிறு மானியத் திட்டம். 1992இல் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கும் உள்ளூர்ச் சமூக அமைப்புகளுக்கும் மானியம் தருகிறது. எந்தப் பகுதி, எந்தப் பொருள் என்று வரையறுத்துத்தான் விண்ணப்பம் கேட்பார்கள். அந்த வரையறைக்குள் நாம் வந்தால் மட்டுமே பயன்.

3. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ நிகர மதிப்போ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் உண்டு. வழிபாட்டுத் தலம் கட்டுவது அதில் இல்லை. எனவே "பள்ளிவாசலுக்கு உதவுங்கள்" என்று கேட்பதைவிட, தெருவிலுள்ள எல்லா மக்களும் பயன்பெறும் மழைநீர்க் கிணறு, பள்ளிக்கூடத்துக்குச் சோலார் என்று கேட்பதே பொருந்தும்.

4. வீட்டுக்கு நேரடியாக வரும் மானியம்

இதுதான் இன்றே நம் கைக்கு எட்டுவது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய 'பிரதமர் சூரிய வீடு' திட்டத்தில், வீட்டு மாடியில் 1 கிலோவாட் சோலார் அமைத்தால் 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் என அறிவிக்கப்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் பொது விளக்கு, மோட்டார் போன்றவற்றுக்காக அமைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். சொந்த மாடி இல்லாமல் பிளாட்டில் வசிப்போர் இதைச் சங்கக் கூட்டத்தில் பேசலாம். மானியம் குடியிருப்புகளுக்கு மட்டுமே. பள்ளிவாசலுக்கோ மதரஸாவுக்கோ இதில் கிடைக்காது.

ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். சென்னை வெயிலில் தினம் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாத பில் காலத்தில் சுமார் 700 யூனிட்.

ஆனால் ஒரு சிக்கல். அமைத்து முடித்து, மின்வாரியம் ஆய்வு செய்து மீட்டர் பொருத்திய பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். முழுத் தொகையை முதலில் நாம் புரட்ட வேண்டும். வங்கிக் கடன் உண்டு. அது வட்டியோடு வருவது. அதனால்தான் தகுதியுள்ள பல குடும்பங்கள் ஒதுங்கி நிற்கின்றன.

5. நம்மிடமே உள்ள நிதி

உமர் (ரலி) அவர்கள் கைபரில் கிடைத்த நிலத்தை, மூலத்தை விற்காமல் விளைச்சலை மட்டும் ஏழைகளுக்குச் சேரும்படி வக்ஃபு செய்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கினார்கள். மூலதனம் கரையாமல் பயன் தொடர்வதைத்தான் இன்று 'நிலைத்த வளர்ச்சி' என்கிறார்கள். 2018இல் இந்தோனேசிய அரசு 125 கோடி டாலருக்குப் பசுமை ஸுகூக் வெளியிட்டது.

அவ்வளவு பெரிதாக நாம் போக வேண்டியதில்லை. மானியம் வரும் வரையிலான இடைவெளியை பைத்துல்மாலின் கர்ழே ஹஸனா, அதாவது வட்டியில்லாக் கடன், நிரப்பலாம். ஒரு குடும்பத்துக்கு 78,000 ரூபாய் கொடுக்கிறோம். மானியம் வந்ததும் அது திரும்புகிறது. அதே பணம் அடுத்த குடும்பத்துக்குப் போகிறது. அரசின் நிதியை நம் தெருவுக்குள் கொண்டுவரும் திறவுகோல் நம் சிறு தொகைதான்.

இதில் ஒரு கவனம். ஜகாத் அதற்கு உரியவர்களிடம் சேர வேண்டிய பணம். பொதுக் கட்டிடத்துக்குச் சோலார் போட அதை எடுப்பதைப் பெரும்பாலான உலமாக்கள் அனுமதிப்பதில்லை. ஸதகா, வக்ஃபு வருமானம் ஆகியவற்றிலிருந்தே இதைச் செய்வது நல்லது. ஐயமிருந்தால் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. பணம் வருமுன் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் எந்த அறக்கட்டளையும் வெளிநாட்டுப் பணம் பெறக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள கணக்குக்கே வர வேண்டும். பெற்றதை வேறு அமைப்புக்கு மாற்றவும் முடியாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும், இந்தியக் குடியுரிமை உள்ள உறவினர் தம் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடைதான். நல்ல எண்ணத்தில் அனுப்பிய பணமே அறக்கட்டளையை வழக்கில் மாட்டிவிடலாம். அமானிதம் காப்பவர்கள் இதில் அலட்சியம் காட்டக் கூடாது.

"ஐ.நா. பருவநிலை நிதி வாங்கித் தருகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் எந்தக் கட்டத்திலும் விண்ணப்பக் கட்டணம் கேட்பதில்லை.

எந்த வாசலைத் தட்டினாலும் கேட்கப்படுபவை ஏறத்தாழ ஒன்றே: அறக்கட்டளைப் பத்திரம், பான் அட்டை, வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், தணிக்கை செய்த மூன்று ஆண்டுக் கணக்கு. கம்பெனி நிதிக்கு சி.எஸ்.ஆர்-1 பதிவும் வேண்டும். இதோடு ஓர் அளவும் வேண்டும். 'தண்ணீர்ப் பஞ்சம்' என்று எழுதினால் யாரும் தர மாட்டார்கள். ஆண்டுக்கு எத்தனை லாரி வாங்கினோம், எவ்வளவு செலவு என்று எழுத வேண்டும். சென்னையில் ஆண்டுக்கு சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடி மாடியில் விழுவது சுமார் 1,30,000 லிட்டர். சிதறல் போக ஒரு லட்சம் லிட்டரையாவது கிணற்றில் இறக்கலாம். 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நம் வீட்டுக் குழாய் அடைபடாமல் இருக்கிறதா?

7. குடும்பமாகச் செய்ய

- கடந்த ஓராண்டின் மின்கட்டண ரசீதுகளையும் லாரித் தண்ணீர்ச் செலவையும் ஒரு தாளில் எழுதுங்கள்.
- மாடியில் நிழல் விழாத இடம் எத்தனை சதுர அடி என்று பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள்.
- பருவமழைக்கு முன் மழைநீர்க் குழாயையும் வடிகட்டித் தொட்டியையும் சுத்தம் செய்யுங்கள்.
- மூன்றையும் முடித்து, அந்தத் தாளை அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுங்கள். எத்தனை குடும்பங்களுக்குத் தேவை என்ற கணக்கு கையில் இருந்தால்தான் எவரிடமும் போய்ப் பேச முடியும்.

அல்லாஹ் நம் முயற்சிகளில் பரகத் செய்வானாக. ஆமீன்.