பழைய அம்பாசிடரின் பளபளப்புப் பட்டைகளைக் கழற்றும் முறை

பழைய அம்பாசிடருக்குப் புது வர்ணம் பூசக் கொடுத்தால், பட்டைகளைக் கழற்றாமல் அவற்றின்மேல் டேப் ஒட்டி அடித்துவிடலாம் என்றுதான் பெயிண்டர் சொல்வார். அன்பர்கள் இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். துரு தொடங்கும் இடமே பட்டையின் அடிப்புறம்தான். அங்கே சேரும் சேறும் மழைநீரும் எளிதில் காய்வதில்லை. ஈரத்தின் நடுவே இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறு மின்கலம். எவர்சில்வர் பட்டையானால் பாடியின் இரும்புத் தகடு கரையும்; அலுமினியப் பட்டையானால் பட்டையே கரையும். ரயில் பெட்டிகளிலும் இதே கதைதான். பக்கத் தகடு பார்க்க நன்றாக இருக்கும். கழிவறைக்கு அடியில் தண்ணீர் தங்குமிடம் சல்லடையாகியிருக்கும்.

ஆனால் கழற்றுவதில் அவசரம் கூடாது. உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. மடங்கிப்போன பட்டைக்கு மாற்று வேண்டுமானால் மல்லிக் பஜாரில் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். கிளிப் உடைந்தால் பாதகமில்லை, வேறு செய்துகொள்ளலாம். பட்டையில் ஒருமுறை மடிப்பு விழுந்தால் எவ்வளவு தட்டினாலும் அந்தக் கோடு மறையாது.

முதல் வேலை வண்டிக்கு உள்ளே. கதவின் உட்பலகையைக் கழற்றிவிட்டு, டிக்கியிலும் பானட்டின் அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். திருகும் நட்டும் போட்ட பட்டையா, கிளிப்பில் அழுத்திய பட்டையா என்று தெரிந்த பிறகே வெளியே கை வைக்க வேண்டும். நட்டு இருந்தால் முந்தின நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். மறுநாள் முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு அசைத்து, பிறகு தளர்த்தினால் பெரும்பாலும் வந்துவிடும். நட்டோடு திருகும் சேர்ந்து சுற்றினால் பட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். நட்டையே அறுத்து எடுங்கள்.

கிளிப் பட்டைக்கு ஸ்குரூடிரைவர் ஆகாது. மூங்கிலைப் பட்டையாகச் சீவி ஆப்பு செய்துகொள்ளுங்கள். பழைய பெயிண்ட் பட்டையின் ஓரத்தில் ஒட்டியிருந்தால் மெல்லிய பிளேடால் கோடு கிழித்துப் பிரிக்க வேண்டும். அருகிலுள்ள பெயிண்டின் மேல் இரண்டு அடுக்கு டேப் ஒட்டி, ஒவ்வொரு கிளிப்பின் அருகிலும் ஆப்பைச் செருகி நூலளவு தூக்குங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய், திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் தூக்குங்கள். ஒரு முனையை மட்டும் நெம்பிவிட்டு மீதியை இழுப்பதால்தான் மடிப்பு விழுகிறது. கண்ணாடியைச் சுற்றி ரப்பரில் பதிந்த பட்டைக்கு சோப்புத் தண்ணீரும் நிறையப் பொறுமையும் வேண்டும். காய்ந்து வெடித்த ரப்பராக இருந்தால் அதையே தியாகம் செய்துவிடலாம்.

எடுத்த பட்டையை நேரான மரச்சட்டத்தில் வைத்துக் கட்டி, இடமா வலமா, முன்னா பின்னா என்று சீட்டு எழுதி ஒட்டுங்கள். கழற்றுமுன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் பூட்டும்போது வாக்குவாதம் இருக்காது.

இனி துளைகள். ஓரத்துத் துருவை வெள்ளை உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, உடனே பிரைமர் அடியுங்கள். பட்டியால் அடைத்து மூடினால் துரு உள்ளேயே வளரும். திரும்பப் பூட்டும்போது ரப்பர் வாஷரும், துளையைச் சுற்றிச் சிறிது கிரீஸும் அவசியம்.

பம்பருக்கு மறுபடி முலாம் பூசுவதானால் ஒரு விஷயம். மின்னுவது முழுவதும் குரோமியம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது மேலே ஒரு மைக்ரானுக்கும் குறைந்த படலம். காப்பது அடியிலுள்ள நிக்கல். அந்த நிக்கலில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் கீழே உள்ள இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே முலாம் கடையில் நிக்கலை எவ்வளவு கனமாக ஏற்றுவார்கள் என்று கேளுங்கள். கைப்பிடி, பெயர் எழுத்து போன்றவை துத்தநாக வார்ப்பாக இருக்கலாம். காந்தம் ஒட்டாததை இரும்புச் சாமான்களோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். பழைய முலாமை நீக்கும் அமிலத் தொட்டி துத்தநாகத்தைத் தின்றுவிடும். அலுமினியப் பட்டையைக் காஸ்டிக் சோடாவில் போட்டாலும் அதே கதிதான்.