தாளை நகர்த்துவது மோட்டர் அல்ல

என் மாமாவின் மேசையில் இரண்டு தட்டச்சுப் பொறிகள் இருக்கின்றன. தமிழ் வேலைகளுக்கு ஒரு பழைய கைப்பொறி. ஆங்கிலத்தில் எழுதப்படும் காணி உறுதிகளுக்கு ஒரு மின்பொறி. நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள ஒரு சிறிய அறையில் மாமா தட்டச்சு செய்கிறார். கணினி வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனாலும் இரண்டு மூன்று நொத்தாரிசுமார் இன்னும் அவரிடமே உறுதிகளைக் கொடுக்கிறார்கள்.

சென்ற வருடம் அப்படி ஓர் உறுதி திரும்பி வந்தது. ஒரு தாய் தன் வீட்டையும் வளவையும் மகளுக்குக் கொடுக்கும் நன்கொடை உறுதி அது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் நடக்கும் என்பது வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த உறுதியின் அட்டவணையில், கிழக்கு எல்லையைச் சொல்லும் வரியும் தெற்கு எல்லையைச் சொல்லும் வரியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. மேல் வரி எழுத்துகளின் வால் கீழ் வரி எழுத்துகளின் தலையில் குத்தி நின்றது. உறுதியில் அழித்துத் திருத்தினால் அதையும் நொத்தாரிசு தன் அத்தாட்சியில் குறிப்பிட வேண்டும். எல்லைகளையே அழித்துத் திருத்திய உறுதியை யார் விரும்புவார்? முழுவதையும் மீண்டும் அடித்துத் தரும்படி திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறையும் அதேபோல வேறு இரண்டு வரிகள் முட்டிக்கொண்டன.

"மோட்டர் களைச்சிப் போச்சு புள்ள" என்றார் மாமா. பார்க்க வந்த திருத்துநரும் மோட்டரைத்தான் குறை சொன்னார். அதற்கு அவர் கேட்ட தொகையைக் கேட்டு மாமா பொறியை மூடி வைத்துவிட்டார். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எனக்கு, மோட்டர் களைத்தால் ஏன் எழுத்து மங்காமல் வரி மட்டும் நெருங்குகிறது என்ற கேள்வி வந்தது. அந்த விடுமுறையில் நான் கற்றுக்கொண்டதே இந்தக் கட்டுரை.

முதலில் தாள் போகும் வழி. பொறியின் மேற்புறத்தில் குறுக்காகக் கிடக்கும் கறுப்பு இறப்பர் உருளையைப் பலர் பார்த்திருப்பீர்கள். தாளை அதன் பின்பக்கமாக இறக்குகிறோம். உருளையின் கீழே வளைந்த தகடு ஒன்று உண்டு. அந்தத் தகட்டிலுள்ள இடைவெளிகளினூடாகச் சின்ன இறப்பர் உருளைகள் தலைகாட்டுகின்றன. விற்சுருள்கள் அவற்றைப் பெரிய உருளையோடு அழுத்திப் பிடித்திருக்கின்றன. பெரிய உருளை சுழலும்போது, அதற்கும் சின்ன உருளைகளுக்கும் இடையில் அகப்பட்ட தாள் வளைந்து முன்பக்கமாக மேலே வருகிறது. முன்னால் ஒரு மெல்லிய கம்பி அதை உருளையோடு படியவைக்கிறது. பக்கத்தில் ஒரு நெம்பு இருக்கும். அதை முன்னுக்கு இழுத்தால் சின்ன உருளைகள் விலகும். தாளை நேராக்கலாம், உருவி எடுக்கலாம்.

இவ்வளவும் கைப்பொறியிலும் உண்டு. அப்படியானால் மின்சாரம் எங்கே வருகிறது? பெரிய உருளையின் ஓரத்தில் ஒரு பற்சில்லு இருக்கிறது. கைப்பொறியில் வரி முடிந்ததும் ஒரு நெம்பைக் கையால் தள்ளுகிறோம். ஒரு கொக்கி வந்து பல்லொன்றைப் பிடித்துத் தள்ளுகிறது. மின்பொறியில் அந்தக் கையின் வேலையை மோட்டர் எடுத்துக்கொள்கிறது. மோட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். வரி மாற்றும் விசையை அழுத்தியதும் ஓர் இணைப்பு ஏற்பட்டு, புடைப்புள்ள ஒரு சில்லு சற்றுச் சுழன்று கொக்கியைத் தள்ளிவிட்டு நின்றுவிடும். கொக்கி தள்ளிய வேகத்தில் உருளை மேலதிகமாகச் சுழலாமலிருக்க ஒரு தடுப்பு உண்டு. இவற்றைவிட, விற்சுருளோடு கூடிய ஒரு சிறு உருளி இரண்டு பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் விழுந்து உருளையை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. குமிழைக் கையால் திருப்பும்போது கேட்கும் 'கிளிக்' அந்த உருளி பள்ளத்தில் விழும் ஓசைதான். எனக்கு இந்தப் பொறியில் மிகவும் பிடித்த பாகமும் அதுதான். மோட்டர் சற்றுக் கூடவோ குறையவோ தள்ளினாலும், பள்ளம் சரியான இடத்துக்கு உருளையை இழுத்துக்கொள்கிறது.

சாதாரண வரி இடைவெளி ஓர் அங்குலத்துக்கு 6 வரிகள். ஒரு வரிக்கு 4.23 மில்லிமீற்றர். ஆகவே 30 வரிகள் சரியாக 5 அங்குலம், அதாவது 127 மில்லிமீற்றர் வரவேண்டும். இந்த எண்தான் பிறகு எனக்குக் கைகொடுத்தது.

கொஞ்சம் வரலாறும் சொல்லிவிடுகிறேன். பழைய மின்பொறிகளில் உருளையும் தாளும் சேர்ந்து இடமும் வலமும் ஓடின. 1961இல் வெளிவந்த ஐ.பி.எம். செலக்ட்ரிக் பொறியில் தாள் பக்கவாட்டில் அசையவில்லை. எழுத்துகள் பொறித்த பந்து ஒன்றுதான் ஓடியது. மாமாவின் பொறியும் பந்து எழுத்து வகையைச் சேர்ந்தது. பின்னர் வந்த இலத்திரனியல் பொறிகளில் கொக்கிக்குப் பதிலாகப் படிப்படியாகச் சுழலும் மோட்டர் உருளையைத் திருப்பியது. ஆனால் இவை எல்லாவற்றிலும் மோட்டர் உருளையைத் திருப்புவதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. உருளையிலிருந்து தாளுக்கு அசைவைக் கொண்டுபோவது உராய்வு மட்டும்தான். உருளை ஒரு படி சுழன்றும் தாள் ஒரு படி வராமல் போகலாம். பொறிக்கு அது தெரியவே தெரியாது.

அதைச் சோதித்துப் பார்த்தேன். உருளையின் ஓரத்தில், தாள் மூடாத இடத்தில், சோக்கட்டியால் ஒரு குறி போட்டேன். மோட்டரால் 30 வரிகள் நகர்த்தினேன். குறி நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டேன். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, தொடங்கிய இடத்திலிருந்து கையால் 30 'கிளிக்' திருப்பினேன். குறி அதே இடத்தில் வந்து நின்றது. நான்கு தடவை செய்தும் மாறவில்லை. மோட்டர் ஒரு குற்றமும் செய்யவில்லை.

அடுத்து ஒரு தனித்தாளில் 30 வரிகளுக்கும் வரிக்கொரு புள்ளி அடித்து அளந்தேன்: 126 மில்லிமீற்றர். உறுதிக்கு வைப்பதுபோல் மூன்று தாள்களும் இரண்டு கார்பன் தாள்களும் வைத்து அடித்தேன்: 121. அதைவிட முக்கியம், அந்த 6 மில்லிமீற்றரும் எல்லா வரிகளிலும் பரவலாகக் குறையவில்லை. 9ஆம், 18ஆம், 27ஆம் வரிகளுக்குப் பக்கத்தில் மட்டும் புள்ளிகள் நெருங்கியிருந்தன. ஒவ்வோரிடத்திலும் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். எழுத்துகள் முட்டிக்கொள்ள அது போதும்.

ஏன் ஒன்பது? ஒன்பது வரிகள் 38 மில்லிமீற்றர். சுற்றளவு 38 உள்ள ஒரு வட்டத்தின் விட்டம் 12 மில்லிமீற்றர். உருளையைக் கழற்றிவிட்டுச் சின்ன உருளைகளை அளந்தபோது 12தான் வந்தது. விரலால் உருட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சின்ன உருளையிலும் ஒரே பக்கத்தில், நகம் அளவுக்கு ஒரு தட்டையான இடம்! வட்டமாக இருக்கவேண்டிய சில்லு ஒரு சுற்றில் ஒரு தடவை தட்டையில் குந்திக்கொண்டது. அதைக் கிளப்பக் கூடுதல் விசை வேண்டும். அந்த நேரம் தாள் நின்றது, உருளை வழுக்கிச் சுழன்றது.

தட்டை எப்படி வந்தது என்று மாமாவிடம் கேட்டபோது அவரே சொல்லிவிட்டார். கொரோனா முடக்க காலத்தில் பொறியை உறை போட்டு மூடி வைத்தவர், நெம்பை முன்னுக்கு இழுத்துவிட மறந்துவிட்டார். மாதக்கணக்காகச் சின்ன உருளைகள் பெரிய உருளையின்மேல் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தன. இறப்பர் அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டது. வீட்டில் பழைய பொறி வைத்திருக்கும் பெற்றோர் இதை வாசித்தால், இன்றைக்கே போய் அந்த நெம்பைப் பாருங்கள்.

தனித்தாளைவிட மூன்று தாள்களில் ஏன் கூடுதலாக வழுக்கியது என்பதும் யோசிக்கத்தக்கது. உராய்வு விசை என்பது உராய்வுக் குணகத்தையும் செவ்வன் மறுதாக்கத்தையும் பெருக்கி வருவது என்று படித்திருக்கிறோம். மூன்று தாள்களில் உருளையைத் தொடுவது எது? தாள் வளைந்து வரும்போது எங்களைப் பார்ப்பது மூலப்பிரதி. உருளையோடு ஒட்டியிருப்பது கடைசிப் பிரதி. உருளை கடைசிப் பிரதியை இழுக்க, அது கார்பனை இழுக்க, கார்பன் நடுப்பிரதியை இழுக்க, இப்படித்தான் மூலப்பிரதிக்கு அசைவு வந்து சேர்கிறது. கார்பன் தாளோ வழுக்கும் மெழுகுப் பூச்சு உடையது. உறுதியின் மூலப்பிரதி சொந்தக்காரருக்கு, மற்றொன்று காணிப் பதிவகத்துக்கு, இன்னொன்று நொத்தாரிசின் கோவைக்கு. சொந்தக்காரர் காலமெல்லாம் பெட்டிக்குள் பாதுகாக்கும் தாள்தான் இழுக்கும் உருளைக்கு மிகத் தொலைவில் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெளித்தாள் உட்தாளைவிடச் சற்றுப் பெரிய வட்டத்தில் வளைகிறது. அவற்றுக்கிடையே 0.25 மில்லிமீற்றர் தூரம் என்று வைத்துக்கொண்டால், அரைச்சுற்றில் வெளித்தாளுக்கு ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர் கூடுதல் பாதை. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் தாள்களை உருட்டி ஏற்றிய பிறகு, நெம்பை ஒரு தரம் திறந்து ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தி மூடுகிறார்கள். மாமா முப்பது வருடமாக இதைச் செய்கிறார். ஏன் என்று கேட்டால், "பழகின கை மகள்" என்பார்.

பெரிய உருளையும் முழுக்கச் சுத்தவாளியல்ல. அது தாளை இழுக்கும் சில்லு மட்டுமல்ல, எழுத்து வந்து அடிபடும் அடைகல்லும் கூட. வயதாலும் அடியாலும் இறப்பர் இறுகிப் பளபளப்பாகிறது. மென்மையான உருளை தாளை நன்றாகப் பிடிக்கும், ஓசையும் குறைவு. ஆனால் கார்பன் பிரதிகள் மங்கும். கடினமான உருளையில் பிரதிகள் தெளிவாக விழும்; ஆனால் பிடி குறையும். இரண்டையும் ஒரே இறப்பரிடம் கேட்கிறோம். வழுக்கவே கூடாத தொடர்தாள் வேலைகளுக்கு, உருளையின் ஓரங்களில் முளைகளும் தாளின் ஓரங்களில் துளைகளும் வைத்துச் செய்தார்கள். அங்கே உராய்வை நம்பவே இல்லை. உறுதித் தாளில் துளை போட முடியாதே!

திருத்தம் இப்படி நடந்தது. பெரிய உருளையை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட்டோம். துணி மூன்று முறை கறுத்தது. எண்ணெய் மட்டும் படக்கூடாது. அது இறப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். சின்ன உருளைகளின் தட்டையான இறப்பரைச் சீவி எடுத்துவிட்டு, இரும்புக்கடையில் வாங்கிய 12 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள இறப்பர் குழாயைத் துண்டுகளாக வெட்டி ஏற்றினோம். எல்லாம் ஒரே விட்டத்தில் இருக்கவேண்டும். ஒரு பக்கம் பெரிதானால் தாள் சாய்ந்து ஏறும். எங்களுக்கு முதல் தடவை அப்படித்தான் ஏறியது. ஒரு துண்டைக் கழற்றி மாற்றவேண்டி வந்தது. ஸ்பிரிட்டும் குழாயும் சேர்ந்து, திருத்துநர் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

பிறகு அளந்தேன். தனித்தாளில் 127. மூன்று தாள்களில் 126. அன்று அஸருக்குப் பிறகு மாமா அந்த நன்கொடை உறுதியை மூன்றாம் முறையாக அடித்தார். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு நான்கும் தனித்தனி வரிகளில் நின்றன. உம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். மாமா அதைக் கவனிக்கவில்லை, அட்டவணையை அடிமட்டம் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

அந்த மிச்சம் 1 மில்லிமீற்றர் மட்டும் என்னை விடவில்லை. நெருக்கம் இப்போது ஒன்பதாம் வரிகளில் இல்லை, பக்கம் முழுக்கச் சிறிது சிறிதாகப் பரவியிருக்கிறது. ஆகவே அது உருளையின் குற்றமல்ல, கார்பனின் வழுக்கல் என்று நினைக்கிறேன். கார்பனை எடுத்துவிட்டு வெறும் மூன்று தாள்களை வைத்து அளந்தால் தெரிந்துவிடும். மாமாவின் பொறி ஓய்வாக இருக்கும் ஒரு வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கிறேன்.