நீர்மூழ்கியின் வரலாறு எழுத வருகிறவர்களுக்கு

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய நீர்மூழ்கிகளைப் பற்றி எழுத ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் ஒரே ஒரு கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கைகாட்டுவது யூ-156. பிரெமனில் கட்டி, 1941 செப்டம்பரில் பணிக்கு வந்தது. ஆயுள் ஒன்றரை ஆண்டு. கடைசிவரை ஒரே கேப்டன், வெர்னர் ஹார்டென்ஸ்டைன்.

1. மூழ்கடித்தவை 20 என்று பட்டியல் சொல்லும். அதை அப்படியே எடுத்தெழுதி நிறுத்திவிடாதீர்கள். அடிபட்ட கப்பலெல்லாம் மூழ்கிய கப்பல் அல்ல. 1942 பிப்ரவரி 16 அதிகாலையில் அரூபா தீவின் சான் நிக்கோலஸ் துறைமுகத்தில் இது தாக்கிய எண்ணெய்க் கப்பல்களில் ஒன்று மூழ்கியது. பெடர்னாலெஸ் என்ற இன்னொன்று தீப்பிடித்தும் தப்பி, சீரமைக்கப்பட்டு மறுபடி ஓடியது.

2. சின்னப் பொருளையும் விடாதீர்கள். அதே இரவில் கரையிலிருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைப் பீரங்கியால் சுட முயன்றார்கள். கடல்நீர் புகாதிருக்கக் குழல் வாயில் செருகியிருந்த அடைப்பானை எடுக்க மறந்துவிட்டார்கள். முதல் குண்டு குழலுக்குள்ளேயே வெடித்தது. ஒரு மாலுமி இறந்தார். பீரங்கி அதிகாரி காலை இழந்தார். பிறகு சிதைந்த முனையை ரம்பத்தால் அறுத்தெடுத்துவிட்டு, அந்தக் குட்டைக் குழலையே வைத்துச் சண்டை போட்டார்கள்.

3. ஒரு செயலை வைத்து மனிதரை முடிவு கட்டாதீர்கள். 1942 செப்டம்பர் 12 இரவு தென் அட்லாண்டிக்கில் லக்கோனியா என்ற பிரிட்டிஷ் கப்பலை ஹார்டென்ஸ்டைன் டார்பிடோவால் அடித்தார். தண்ணீரில் கேட்டது இத்தாலிய மொழிக் கூக்குரல். கப்பலில் ஏறத்தாழ 1,800 இத்தாலியப் போர்க்கைதிகள் இருந்தார்கள், அதாவது ஜெர்மனியின் கூட்டாளிகள். அவர் மீட்பில் இறங்கினார். பிரிட்டிஷ்காரர்களையும் பெண்களையும் குழந்தைகளையும்கூட ஏற்றிக்கொண்டார். என்னைத் தாக்காதவரை, உதவிக்கு வரும் எந்தக் கப்பலையும் தாக்கமாட்டேன் என்று சங்கேதம் இல்லாமல் ஆங்கிலத்திலேயே வானொலியில் அறிவித்தார். செப்டம்பர் 16 அன்று உயிர்காப்புப் படகுகளைப் பின்னால் கட்டி இழுத்தபடி, செஞ்சிலுவைக் கொடியை விரித்து வைத்திருந்த யூ-156 மீது அமெரிக்க லிபரேட்டர் விமானம் குண்டு போட்டது. ஒரு குண்டு படகுகளின் நடுவே விழுந்தது. மேல்தளத்தில் இருந்தவர்களைக் கடலில் இறக்கிவிட்டு யூ-156 மூழ்கி விலகியது. மிஞ்சியவர்களில் பெரும்பாலோரைப் பிரெஞ்சுக் கப்பல்கள் மீட்டன. லக்கோனியாவில் வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள், பெரும்பகுதி அந்தக் கைதிகள். அடித்ததும் அவர், மீட்டதும் அவர். இரண்டில் ஒன்றை மறைத்து எழுதுவது பொய்தான்.

4. கப்பலோடு நின்றுவிடாமல், அதன் செயல் எங்கே போய் முட்டியது என்றும் தேடுங்கள். அந்த விமானம் குண்டு போட்ட மறுநாளே ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ், மூழ்கும் கப்பலின் ஆட்களைக் காப்பாற்றக் கூடாது என்று உத்தரவிட்டார். அந்த உத்தரவை நியூரம்பர்க் விசாரணையில் அவருக்கு எதிரான சான்றாக முன்வைத்தார்கள்.

5. எதிரியின் கோப்பைக் கட்டாயம் படியுங்கள். 1943 மார்ச் 8 அன்று பார்படோஸுக்குக் கிழக்கே அமெரிக்க கேட்டலினா விமானத்தின் குண்டுகளுக்கு யூ-156 பலியானது. உள்ளே இருந்தவர்கள் 53 பேர். கடைசிப் பயணத்தின் நாட்குறிப்பும் கப்பலோடு போயிற்று. தண்ணீரில் சிலர் நீந்தியதையும், அவர்களுக்கு மிதவை போட்டதையும் விமானக் குழுவினர்தான் பதிவு செய்தார்கள். பிறகு தேடியும் ஒருவரும் கிடைக்கவில்லை. ஜெர்மன் ஆவணத்தை மட்டும் நம்பினால் இந்த ஆட்கள் உங்கள் பக்கத்துக்கு வரவே மாட்டார்கள்.