வேலைக்குத் தோல் பூட்ஸ்: அளவு கொடுத்துச் செய்வதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்

போர்ட் கிள்ளானில் கப்பல்துறை, கொள்கலன் முற்றம், கிடங்கு, லாரிப் பட்டறை என எங்கு வேலை செய்தாலும் பாதுகாப்புக் காலணி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கடையில் கிடைக்கும் பூட்ஸ் சிலருக்குப் பொருந்துவதில்லை. பாதம் அகலமாக இருக்கலாம், விரல் வளைந்திருக்கலாம், மாலையில் கால் வீங்கலாம். இப்படிப்பட்டவர்கள் அளவு கொடுத்துத் தோல் பூட்ஸ் செய்துகொள்ள விரும்புவது நியாயமே. ஆனால், விலையையும் தோற்றத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கூறுகிறது. இவர்களுக்குப் பொருந்தாத பூட்ஸ் உண்டாக்கும் சிறு கொப்புளம்கூட ஆறாத புண்ணாகிவிடலாம்.

1. முதல் கேள்வி: சோதிக்கப்பட்ட பூட்ஸா?

பாதுகாப்புக் காலணிக்கான தரநிலை ஐஎஸ்ஓ 20345. இதன்படி, விரல்களுக்கு மேல் உள்ளே பதித்திருக்கும் முன்கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடையுள்ள பொருள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் உண்டாகும் மோதல் இது. ஏறத்தாழ ஒன்றரை டன் அழுத்தத்தையும் அது தாங்க வேண்டும்.

தனியாக வாங்கிய முன்கவசத்தைச் சாதாரண பூட்ஸில் வைத்துத் தைத்தால் அது பாதுகாப்புக் காலணி ஆகிவிடாது. முன்கவசம் சோதிக்கப்பட்டிருக்கலாம், ஆனால் பூட்ஸ் சோதிக்கப்படவில்லை. ஆகவே, சோதனையில் தேறிய மாதிரியையே பல அகலங்களில் செய்து தரும் தயாரிப்பாளரைத் தேடுங்கள். காலணியில் தரநிலை எண், வகைக் குறியீடு, அளவு, தயாரித்த தேதி ஆகியவை பதிந்திருக்க வேண்டும்.

எஸ்1 வகை உலர்ந்த இடத்துக்கு ஏற்றது. எஸ்3 வகையில் நீர் எளிதில் உட்புகாது, ஆணி குத்தாமல் தடுக்கும் தகடும் உண்டு. மழையில் நனையும் கப்பல்துறைக்கு எஸ்3 பொருத்தமானது.

2. முன்கவசம்: இரும்பா, கலவைப் பொருளா?

இரண்டும் ஒரே சோதனையில் தேற வேண்டும். இரும்பு மெல்லியதாக இருப்பதால் உள்ளே இடம் சற்று அதிகம் கிடைக்கும். ஆனால் எடை கூடுதல், வெயிலில் சூட்டையும் கடத்தும். கலவைப் பொருள் எடை குறைவு, சூட்டை அதிகம் கடத்தாது. ஆனால் தடிமன் அதிகம். எதுவாக இருந்தாலும், கனமான பொருள் ஒரு முறை விழுந்துவிட்டால் வெளியே சேதம் தெரியாவிட்டாலும் அந்த பூட்ஸை மாற்றிவிடுங்கள்.

3. தோல்

தோலின் மேற்பரப்பு நீக்கப்படாத முழுத் தோல் காற்றோட்டம் தரும், நீண்ட நாள் உழைக்கும். பிளவுத் தோலின் மேல் பூச்சு பூசியது விலை குறைவு. ஆனால் பூச்சு வெடித்த இடத்தில் நீர் புகும். நனைந்த பூட்ஸை வெயிலிலோ எஞ்சின் சூட்டிலோ காயவைத்தால் தோல் இறுகி வெடிக்கும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணியுங்கள். ஈரமான பூட்ஸ் பாதத்தோலை ஊறவைத்து, விரலிடுக்குகளில் பூஞ்சைக்கு வழிவிடும்.

4. அடிப்பாகமும் அதை இணைக்கும் முறையும்

தைத்து இணைத்த அடிப்பாகத்தைத் தேய்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். விலை கூடுதல், எடையும் கூடுதல், முதல் சில வாரங்கள் விறைப்பாக இருக்கும். உருக்கி வார்த்து இணைத்தது இலேசானது, நீர் புகும் தையல் துளைகள் இல்லை. ஆனால் பழுதுபார்க்க முடியாது. பசையால் ஒட்டியது மலிவு. ஈரமும் எண்ணெயும் நிறைந்த இடத்தில் ஒட்டு விட்டுவிட வாய்ப்புண்டு.

பாலியூரித்தேன் அடிப்பாகம் மென்மையானது. ஆனால் நம் நாட்டின் ஈரக்காற்றில் அலமாரியில் சும்மா இருந்தாலும் நாளடைவில் பொடிந்துவிடும். அதனால்தான் தயாரித்த தேதியைப் பார்க்கச் சொல்கிறோம். சூடான தளத்தில் நிற்பவர்களுக்கும் எண்ணெயில் நடப்பவர்களுக்கும் நைட்ரைல் ரப்பர் நல்லது.

5. அளவு: தோல் இளகும், முன்கவசம் இளகாது

"போடப் போடச் சரியாகிவிடும்" என்பது தோலுக்கு ஓரளவு பொருந்தும். முன்கவசத்துக்குப் பொருந்தாது. முதல் நாள் விரலில் உரசும் கவசம் ஓராண்டுக்குப் பிறகும் உரசும். அளவு கொடுத்துச் செய்வதன் உண்மையான பயனே இங்குதான்: கவசத்தின் அகலமும் உயரமும் உங்கள் விரல்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பாதத்தின் நீளத்தை மட்டும் அளந்து, "மற்றதெல்லாம் தோல் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்பவரிடம் செய்யாதீர்கள்.

• மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது அளவு கொடுங்கள்.
• வேலைக்கு அணியும் காலுறையுடன், எழுந்து நின்றபடி, இரண்டு பாதங்களையும் அளக்கச் சொல்லுங்கள். பெரிய பாதத்தின் அளவே கணக்கு.
• மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும்.
• பூட்ஸ் வந்ததும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். தையல் முடிச்சோ மேடோ தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுங்கள்.
• நாடா கட்டும் பூட்ஸை வீக்கத்துக்கு ஏற்பத் தளர்த்தலாம், இறுக்கலாம். நேராகக் காலை நுழைக்கும் வகையில் இந்த வசதி இல்லை.

6. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு

இனிப்பு நீர் நாளடைவில் பாத நரம்புகளைப் பாதித்து உணர்ச்சியைக் குறைக்கும். அப்போது சரியான பூட்ஸ் தொளதொளவென்று இருப்பதுபோல் தோன்றும், இறுக்கமானதே பொருந்துவதாகப் படும். ஆகவே உங்கள் உணர்வை மட்டும் நம்பாமல், அளவை நம்புங்கள்.

இந்தப் பாடம் தமிழ்நாட்டோடு தொடர்புடையது. 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்கள் நோயினாலேயே அழுகுவதில்லை, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே புண்ணுக்குக் காரணம் என்று எடுத்துக்காட்டினார். உணர்ச்சியிழந்த பாதங்களுக்காக அங்கே மென்ரப்பர் உள்மெத்தை வைத்த செருப்புகள் செய்யப்பட்டன. இன்று நீரிழிவுப் பாதப் பராமரிப்பும் இதே அடிப்படையில்தான் நடக்கிறது.

• பூட்ஸ் செய்யக் கொடுப்பதற்கு முன் சுகாதாரக் கிளினிக்கில் பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார்கள். இதில் வலி இருக்காது.
• புது பூட்ஸை முதலில் வீட்டில் ஒரு மணி நேரம் அணிந்து கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த பூட்ஸ் உங்களுக்கு ஆகாது.
• மருத்துவர் தந்த உள்மெத்தையைப் பூட்ஸில் வைப்பதற்கு முன் தயாரிப்பாளரைக் கேளுங்கள். அது முன்கவசத்துக்குக் கீழே உள்ள இடத்தைக் குறைக்கும், நிலைமின் பாதுகாப்பையும் கெடுக்கலாம்.
• அணியும் முன் பூட்ஸைத் தலைகீழாகத் தட்டுங்கள். வேலை முடிந்ததும் பாதத்தின் அடிப்புறத்தையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். கண் சரியாகத் தெரியாவிட்டால் வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.
• கொப்புளத்தை உடைக்காதீர்கள். வலி இல்லை என்று காத்திருக்காமல் அன்றோ மறுநாளோ கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

7. செலவு யாருடையது?

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி வழங்க வேண்டிய பாதுகாப்புச் சாதனங்களுக்கு முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது. வழங்கியதை முறையாக அணிவது தொழிலாளியின் கடமை. நிறுவனம் தரும் பூட்ஸ் உங்கள் பாதத்துக்குப் பொருந்தாவிட்டால், அதைக் கழற்றிவிட்டுச் செருப்போடு வேலை செய்யாதீர்கள். மருத்துவரிடம் கடிதம் பெற்று, அகலமான மாதிரி வேண்டும் என்று நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

பூட்ஸ் செய்யக் கொடுக்கும்போது மூன்றைக் கேட்க மறவாதீர்கள்: இது சோதிக்கப்பட்ட மாதிரியா? முன்கவசம் என் விரல்களின் அகலத்துக்குப் போதுமா? பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்த பிறகே முன்பணம் கொடுங்கள். பாதத்தைப் பற்றிய சந்தேகங்களுக்கு அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கை நாடுங்கள்.