மாணிக்கம் என்னுஞ் சொல்

மாணிக்கம் என்பது மாணிக்யம் என்னும் வடசொல்லின் தற்பவம். தமிழில் அது நவமணிகளுட் செந்நிறமுடையதனைக் குறிக்கும். பதுமராகம் எனவும் படும். குருந்தக்கல்லே குரோமியஞ் சிறிது கலந்தவழிச் சிவந்து மாணிக்கமாம். ஆகவே இப்பொருளில் நிறமே பெயர்க்குக் காரணம். சிங்களத்திலோ அச்சொல் 'மெனிக்' எனத் திரிந்து, இரத்தினங்கட்கெல்லாம் பொதுப்பெயராயிற்று. கதிர்காமத்து மாணிக்க கங்கையைச் செம்மணியாறு என மாணாக்கர் உரைப்பின், மணியாறு எனத் திருத்துக. இனி, திருவாதவூரடிகளை மாணிக்கவாசகர் என்புழி நிறமும் இனமும் நோக்கப்படா. வாசகத்தின் அருமையே நோக்கப்படும். 'மாணிக்கம் - சிவப்புக்கல்' என்று மாத்திரம் மனனஞ் செய்த பிள்ளை அத்திருப்பெயரின் பொருளை இழந்துவிடும். ஆதலின் நாம் பாடஞ் சொல்லுங்கால், அகராதிப் பொருளோடு அமையாது, சொல் நின்ற இடத்தையும் ஆராய்ந்து பொருளுரைக்கப் பழக்குதல் நங்கடனாம்.