வடக்கே கைட் வேலைக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. சூ லுக்கவுட் பக்கத்தில் ஒரு லொட்ஜில் மீன்பிடி கைட் வேலை சரிவந்துவிட்டது, செப்டெம்பர் கடைசியில் போய் மார்ச் வரைக்கும் நிற்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். என்ன சாமான் வாங்குவது, எந்த நிற ஜிக்குக்கு மீன் கடிக்கும், வருகிற ஆட்களை எப்படித் திருப்தியாக வைத்திருப்பது என்று அடுக்கடுக்காகக் கேட்டிருக்கிறாய். சாமானையும் நிறத்தையும் அங்கேயுள்ள பழைய கைட்மார் ஒரு பின்னேரத்தில் சொல்லித் தந்துவிடுவார்கள். நிறத்தைப் பற்றி ஆளுக்கொரு சண்டையும் பிடிப்பார்கள். நான் வேறு விஷயம் எழுதுகிறேன்.

நீ சிம்கோ ஏரியில் பழகியவன். வாடகைக் குடிலுக்குள் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேர்ச் பிடிக்கலாம். ஏதும் நடந்தால் போனை எடுத்து 911 அடிக்கலாம். நீ போகிற இடத்தில் பல ஏரிகளுக்குத் தெருவே கிடையாது. கோடையில் பீவர் விமானம் மிதவைக் கால்களோடு வந்து இறங்கும், பனிக்காலத்தில் பனிச்சறுக்குக் கால் மாட்டிக்கொண்டு வரும். ஏரி உறையத் தொடங்கும் நாட்களிலும் உருகும் நாட்களிலும் இரண்டாலும் இறங்கேலாது. அந்த இடைவெளியில் உனக்குத் துணை ஒரு செய்மதித் தொலைபேசியும் உன் புத்தியும்தான்.

கோடையில் கைட் என்றால் மீன் இருக்கும் இடத்தைக் காட்டுகிறவன். இலையுதிர்காலத்திலும் பனிக்காலத்திலும் அவன் வேலையில் பாதி, மறிப்பது. இன்றைக்கு அந்தப் பக்கம் போகேலாது, இந்த மீனை வைத்துக்கொள்ளேலாது, இதோடு சுருட்டுவோம் என்று சொல்வது. அதையும் ஆயிரக்கணக்கில் காசு கட்டி, லீவு எடுத்து, விமானம் ஏறி வந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு வாய் வராதவன் கோடையில் மட்டும் வேலை பார்க்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நீ போய்ச் சேரும் நேரம் ஏரி புரளும் காலம். தண்ணீர் ஏறக்குறைய 4 பாகை செல்சியஸில்தான் ஆகப் பாரம். கோடை முழுக்கச் சூடான தண்ணீர் மேலேயும் குளிர்ந்தது கீழேயும் கலக்காமல் கிடக்கும். மேலே உள்ளது குளிரக் குளிரப் பாரமாகிக் கீழே இறங்கும். காற்றும் சேர்ந்து உலுப்ப, ஒரு கட்டத்தில் ஏரி அடிமுதல் நுனிவரை கலந்துவிடும். தண்ணீர் மங்கும், அழுகிய களை மிதக்கும், நேற்று ஒரு முனையில் கூட்டமாக நின்ற வோல்ஐ மீன்கள் இன்றைக்குச் சிதறிப் போயிருக்கும். ஆட்கள் உன் முகத்தைப் பார்ப்பார்கள். சோனாரை முறைத்துக்கொண்டு இடத்துக்கு இடம் படகை ஓட்டித் திரியாதே. நடப்பதை உள்ளபடி சொல். சின்ன ஏரிகள் முந்திப் புரளும், பெரிய ஆழமான ஏரிகள் பிந்தும். அந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால் மற்ற ஏரிக்குக் கூட்டிப் போகலாம். பிறகு சிஸ்கோ மீன்கள் முட்டையிடக் கற்திட்டுகளுக்கு வரும், அவற்றைத் தின்னப் பெரிய மஸ்கி மீன்கள் வரும். லேக் ஒவ் த வூட்ஸில் ஏரி உறையும்வரை அதற்காகவே நிற்கிற பைத்தியங்கள் உண்டு. நல்ல பைத்தியங்கள்.

அந்த நேரத்துத் தண்ணீரைப் பற்றி மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் ஒரு கணக்குச் சொல்கிறார்: 1, 10, 1. விழுந்தவருக்கு மூச்சை ஒழுங்குக்குக் கொண்டுவர 1 நிமிடம். கைகால் சொல்வழி கேட்க 10 நிமிடம். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். இதில் லைஃப் ஜாக்கெட் போட்டவருக்குத்தான் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும். போடாதவர் முதல் நிமிடத்திலேயே தண்ணீரை இழுத்துவிடுவார், இல்லையென்றால் கை விறைத்து அமிழ்ந்துவிடுவார். ஆகவே அது இருக்கைக்குக் கீழே கிடக்கக்கூடாது, உடம்பில் கிடக்க வேண்டும். போடமாட்டேன் என்பவரை ஏற்றாமல் துறையிலேயே நின்றுகொள். மோட்டாரை நிறுத்தும் கயிறு உன் உடம்போடு கட்டியிருக்கட்டும். பியர் கான் திறந்தபடி படகு ஓடாது. அது சட்டம், நீ கெட்டவனாகத் தேவையில்லை, சட்டத்தைக் காட்டு.

ஒக்டோபர் முதல் வாரம் வருகிறவர் லேக் ட்ரௌட் கேட்பார். வடமேற்கு ஒன்ராறியோவின் பல மண்டலங்களில் அது செப்டெம்பர் 30உடன் மூடி ஜனவரி 1 அன்று திறக்கும், ஏனென்றால் அது கற்திட்டுகளில் முட்டையிடும் காலம் அதுதான். ‘சும்மா பிடித்துத் திரும்ப விடுவோம்’ என்பார். மூடிய காலத்தில் குறிவைத்துப் பிடிப்பதும் பிடிப்பதுதான். வடக்கு ஏரியில் இந்த மீன் இனப்பெருக்க வயதுக்கு வரவே பல வருடம் எடுக்கும், நாற்பது ஐம்பது வருடம் வாழ்வதுமுண்டு. உன்னைவிட மூத்த மீன் ஒன்று தூண்டிலில் வரக்கூடும் என்று சொல்லிப் பார்; சிலருக்கு அது உறைக்கும்.

இனி, ஆட்கள் மிகவும் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டால் மீன் பிழைத்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வோல்ஐயின் காற்றுப்பைக்கு வாசல் இல்லை. முப்பது அடிக்குக் கீழிருந்து இழுத்தால் வெளி அமுக்கம் குறையக் குறைய உள்ளே காற்று விரியும். கண் பிதுங்கும், வயிறு வாய்வழியே தள்ளிக்கொண்டு வரும். சில மீன்கள் வாலை ஆட்டி ஒழுங்காக நீந்திப் போவதுபோலப் போய் அடியில் சாகும். விட்டவர் புண்ணியம் செய்த நினைப்பில் அடுத்த இரையைக் கோர்ப்பார். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கிறேன் என்று யாரும் வெளிக்கிட்டால் விடாதே, உள்ளுறுப்பில் போய்க் குத்தும். குளிர் வந்ததும் வோல்ஐ ஆழத்துக்கு இறங்கும் என்பதால் இந்தப் பிரச்சினை உன் காலத்தில்தான் கூட. அங்கெல்லாம் ஒரு சாதாரண உரிமத்துக்கு 4 வோல்ஐ, அதில் ஒன்றுதான் 46 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கலாம். லாக் சூல் ஏரியில் 46க்கும் 53க்கும் இடைப்பட்டதை விட்டேயாக வேண்டும். ஆழத்தில் கடி நன்றாக இருக்கும் நாளில், சாப்பாட்டுக்குத் தேவையானது கிடைத்ததும் அந்த இடத்தை விட்டுக் கிளம்பு. ‘இன்னும் கடிக்குதே’ என்பார்கள். கடிக்கும்தான். ஆழம் குறைந்த இடத்துக்குப் போய் நோர்தேர்ன் பைக் பிடிக்கட்டும்.

லேக் ட்ரௌட் வேறு விதம். அதன் காற்றுப்பை தொண்டைக்குத் திறக்கும். ஜனவரியில் அறுபது அடியில் கொளுக்கி ஏறிய ட்ரௌட் காற்றைக் கக்கிக்கொண்டே மேலே வரும். துளைக்கு மேல் குனிந்து பார்: முதலில் ஒன்றிரண்டு குமிழ், பிறகு ஒரு கொத்து, அதற்குப் பிறகுதான் சாம்பல் நிறத்தில் தலை. குமிழைக் கண்டதும் ஆள் கத்திக்கொண்டு தடியை இழுப்பார். அப்போதுதான் தங்கூசி ஐஸ் விளிம்பில் உரசி அறும். முழங்காலில் இருந்து, கையுறையைக் கழற்றி, நூலைத் துளையின் நடுவில் பிடித்துக்கொடு. படம் எடுப்பதானால் கமராவை முதலே ஆயத்தமாக்கச் சொல். மைனஸ் 25இல் வெளியே எடுத்துப் போட்ட மீனின் கண்ணும் செவுளும் உறையத் தொடங்க நேரம் எடுக்காது. தண்ணீருக்குள் வைத்தபடி கொளுக்கியைக் கழற்றி, ஒரு தடவை தூக்கி, ஒரு படம், திரும்ப உள்ளே. துளை வழியாகத் தலை கீழாக விட்டால் தானே போகும்.

ஐஸைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். எழுதினாலும் உதவாது, ஒவ்வொரு நாளும் துளைத்துத்தான் பார்க்க வேண்டும். தெளிவான, நீலம் ஓடிய ஐஸ் பலமானது. வெள்ளை ஐஸுக்குப் பாதிப் பலம் என்று வைத்துக்கொள். சாம்பல் நிறமானால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, திரும்பி வா. தனி ஆள் நடக்க 15 சென்ரிமீற்றர், ஸ்னோமொபீலுக்கு 25 என்று கனடா செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும். அது நல்ல ஐஸுக்கான கணக்கு. ஏரிகள் ஒடுங்கி ஓட்டம் பிடிக்கும் இடங்களிலும் ஆற்று வாய்களிலும் கணக்கே வேறு. இங்கே ஒரு முழம் இருக்கும், இருபது அடி தள்ளி நாலு விரல் இருக்கும்.

பனி கொட்டினால் ஐஸுக்கு நல்லது என்று புதியவர்கள் நினைப்பார்கள். பனி, ஏரிக்குப் போர்த்த கம்பளி. போர்த்தால் ஐஸ் தடிக்காது. அதோடு பனியின் பாரம் ஐஸை அமுக்க, வெடிப்புகள் வழியே தண்ணீர் மேலே வந்து பனிக்கு அடியில் உறையாமல் கூழாகக் கிடக்கும். மேலே பார்த்தால் வெள்ளைவெளேர் என்று ஒன்றும் தெரியாது. ஸ்னோமொபீல் அதற்குள் இறங்கினால் பட்டியில் கூழ் ஏறி, நின்ற இடத்திலேயே உறைந்து கல்லாகிவிடும். கூழில் இறங்கிவிட்டாய் என்றால் வேகத்தைக் குறைக்காமல் நேரே போ, நிறுத்தாதே. கழுத்தில் ஐஸ் குத்தும் ஆணிகள் இரண்டு தொங்க வேண்டும், ஆட்களுக்கும்தான். டிசெம்பரில் பகல் எட்டு மணி நேரம்தான், மூன்று மணிக்கு மூட்டை கட்டத் தொடங்கு.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் முதலாளி, முன்பதிவு வீணாகிறது என்று முதல் ஐஸிலேயே ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். மாட்டேன் என்றேன். மிச்சப் பருவத்துக்கு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். உனக்கும் இப்படி வரலாம் என்று தெரிந்துகொண்டு போ. வங்கியில் இரண்டு மாத வாடகைக் காசு போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவனுக்கு ‘மாட்டேன்’ சொல்வது கொஞ்சம் இலேசு. சாமான் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்.

லாக் சூல் ஏரிக்கு அடிக்கடி போவாய் என்று நினைக்கிறேன். அது அணை கட்டித் தேக்கிய ஏரி; பனிக்காலத்தில் தண்ணீரை இறக்குவார்கள். கீழே தண்ணீர் இறங்க ஐஸ் கரையோரம் தாங்கலில்லாமல் தொங்கும், வெடிக்கும். கரையேறும் இடத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் அங்கே படகின் காற்றாடியை உடைப்பது தண்ணீருக்குள் நிற்கும் மரக்கட்டைகள். வோல்ஐ அவற்றைச் சுற்றித்தான் நிற்கும், ஆட்களும் சோனாரில் கண்டு சந்தோஷப்படுவார்கள். அந்த மரங்கள் எப்படி அங்கே வந்தன என்று நீ தெரிந்திருக்க வேண்டும். வினிப்பெக்குக்கு மின்சாரம் வேண்டுமென்று இயர் ஃபோல்ஸில் 1929இல் அணை கட்டி முடித்தார்கள். தண்ணீர் ஏற ஏற லாக் சூல் முதற்குடியினரின் ஒதுக்கீட்டு நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மூழ்கியது. வீடுகள், புல்வெளி, காட்டரிசி விளைந்த நீர்நிலை, புதைகுழிகள் எல்லாம் போயின. கேஜிக் பே என்ற குடியிருப்பு தீவாகியது. மரங்களில் பலவற்றைக்கூட வெட்டி எடுக்காமல் அப்படியே மூழ்க விட்டார்கள். நட்டஈடு போதாது என்று அந்த மக்கள் வழக்காடி, 2021இல்தான் கனடாவின் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஊர் இழந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அங்கே உன்னோடு வேலை செய்கிற கைட்மாரில் அனிஷினாபே முதற்குடி ஆட்கள் இருப்பார்கள். எந்த ஒடுக்கத்தில் ஐஸ் பிந்தும், எந்தக் காற்றுக்குப் பிறகு எந்தக் கரை கெடும் என்று அவர்களுக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு எந்த வரைபடத்திலும் இல்லை. அவர்களில் ஒருவர் இன்றைக்கு வேண்டாம் என்றால், ஏன் என்று பிறகு கேள். முதலில் மோட்டாரை நிறுத்து.

மிச்சம் சில்லறை விஷயங்கள். பருத்தி உடுப்பு வேண்டாம், கம்பளி போடு. தடியின் வளையங்களில் ஐஸ் கட்டினால் தட்டி உடைக்காதே, தண்ணீரில் தோய்த்து எடு. ஐஸ்மீன்பிடியில் பெரும்பாலான இடங்களில் ஓர் ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம், அவற்றிலிருந்து 60 மீற்றருக்குள் நிற்க வேண்டும். 2022 முதல் உயிர் இரை மீன்களை ஓர் இரை மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகேலாது. தெற்கிலிருந்து வருகிறவர் வாளியில் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பு. கரையில் பொரித்துச் சாப்பிடும் மீனும் அன்றைய அளவுக்குள் அடக்கம். அங்கே பன்றிக் கொழுப்பில், மாவில் புரட்டித்தான் பொரிப்பார்கள், உருளைக்கிழங்கும் வெங்காயமும் பக்கத்தில். நீ உப்பு, மஞ்சள், யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் கொஞ்சம் கொண்டு போய் ஒரு துண்டுக்குத் தடவிப் பார். மினசோட்டாவிலிருந்து வருகிற கிழவர்கள் கண்ணீரோடு இன்னொரு துண்டு கேட்பார்கள்.

டிப்ஸ் பற்றியும் கேட்டிருந்தாய். மீன் கிடைத்த நாளில் கூடும், கிடைக்காத நாளில் குறையும், நீ மறித்த நாளில் சில வேளை ஒன்றுமே வராது. அடுத்த வருடம் அதே ஆள் லொட்ஜுக்குப் போன் பண்ணி உன் பெயரைச் சொல்லிக் கேட்பதும் உண்டு, கேட்காமல் விடுவதும் உண்டு.

கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை வீட்டுக்கு வா. ஐஸ் துளைக்கும் என் கையோகர் கராஜில் கிடக்கிறது, எட்டு அங்குலம். பிளேட் மழுங்கிப் போயிற்று, புதுசு நீயே வாங்கிப் போட்டுக்கொள்.

அன்புடன்,
அண்ணன்